காலி இடம் இருக்கக் கூடாது

செக்கிங் அக்காவின் வீட்டில் ஒரு பொம்மை காணாமல் போவது, மற்ற வீடுகளில் பிள்ளையே காணாமல் போவதற்குச் சமம். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். அதெல்லாம் விளக்கு செய்த நாள் வரைக்கும். அதற்குப் பிறகு யாரும் இதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷம் குழந்தைச் சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். பிசிறு, கறை, தையல் விட்ட இடம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. தைக்கும்போது ஊசி உடைந்தால் அந்த மெஷின் வரிசை அப்படியே நின்றுவிடும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, ஒரு தாளில் ஒன்றோடொன்று பொருத்தி, மேலே டேப் ஒட்டி, முழு ஊசி ஆகிறதா என்று பார்க்க வேண்டும். நொய்யளவு முனை குறைந்தாலும் அந்தக் கட்டுச் சட்டை வெளியே போகாது. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு குழந்தையின் முதுகில் அந்த முனை குத்தும் என்று சூப்பர்வைசர் சொல்வார். அக்கா அந்தக் குழந்தையை நினைத்து நினைத்தே பத்தொன்பது வருஷம் தரையைத் துழாவினாள்.

கண் மங்கத் தொடங்கியதும் கம்பெனி அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து, போய் வாம்மா என்றது. வீட்டுக்காரர் தொலைதூர லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் இருக்க மாட்டார். இருக்கிற நாளில் தூங்குவார். வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும்தான். இரண்டு பேரும் எவ்வளவு நேரம்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது? முன்னறையை ஒழித்து, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஏழு வருஷம் ஆயிற்று. தெரு அவளைச் செக்கிங் அக்கா என்றது, பிள்ளைகள் பெரியம்மா என்றார்கள்.

அந்த அறையை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சுவரோரம் பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு மூன்று அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் கறுப்புத் தாள் ஒட்டி, அதில் ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் வெள்ளைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தாள். லாரி நிற்கிற இடத்தில் லாரியின் வடிவம், கரடி உட்கார்கிற இடத்தில் கரடியின் வடிவம். கட்டைகள் நாற்பது, அவற்றுக்கு ஒரு மரப்பெட்டி. கத்தரிக்கோல் ஆறு, அவற்றுக்கு ஆறு ஓட்டை போட்ட ஒரு பலகை. கோந்து டப்பா, துணிப் பொத்தான் டப்பா, கலர்த்தாள் தட்டு, எல்லாவற்றின் மேலும் உள்ளே என்ன என்கிற படம். படிக்கத் தெரியாத பிள்ளைகூட எது எங்கே என்று சொல்லிவிடும். விதி ஒன்றே ஒன்றுதான். காலி இடம் இருக்கக் கூடாது.

பிள்ளைக் காப்பகம் நடத்துகிறவர்களுக்குக் குழந்தைகள் நல அலுவலகத்தில் ஐந்து நாள் வகுப்பு நடந்தது. அக்கா தவறாமல் போனாள். "இஷ்ட விளையாட்டு நேரத்துல நீங்க கையைக் கட்டிக்கணும், கண்ணைக் கட்டிக்கக் கூடாது" என்றார் வகுப்பெடுத்த அம்மா. அது அக்காவுக்கு மிகவும் பிடித்திருந்தது, நோட்டில் எழுதிக்கொண்டாள். "அடுக்கி வைக்கிறதும் ஒரு விளையாட்டுதான். அது தண்டனை ஆகிடாம பாத்துக்கங்க" என்றும் அந்த அம்மா சொன்னார். அக்கா அதை எழுதிக்கொள்ளவில்லை. அந்த நேரம் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

நாற்பது நிமிஷக் கதை தெருவுக்கே தெரியும். ஒரு சாயங்காலம் இருபத்துநான்கு துண்டுப் பசுமாட்டுப் படத்தில் காதுத் துண்டைக் காணோம். அம்மா அப்பாக்கள் வெளியே கேட்டில் நிற்கிறார்கள். அக்கா கதவைத் திறக்கவில்லை. "துண்டு வரட்டும், புள்ளைங்க வரும்" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டாள். நாற்பது நிமிஷம் கழித்து இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனின் காலுறைக்குள் மாட்டின் காது கிடைத்தது. கேட்டில் நின்றவர்களுக்குக் கோபம் வரவேண்டும்தானே? வரவில்லை. "எங்க வீட்டுக்கும் ரெண்டு நாள் வாங்கக்கா, எங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் அடுக்கி வெச்சிட்டுப் போங்க" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்துக் கலைந்தார்கள். அந்த நாற்பது நிமிஷத்தில் பிள்ளைகளிலேயே மூத்தவள், ஐந்து வயதுக்காரி, நின்ற இடத்திலேயே கவுனை நனைத்துவிட்டாள். அக்கா கழுவி, மாற்றுத்துணி போட்டுவிட்டு, அதை மறந்துவிட்டாள். பிள்ளைகள் மறப்பதில்லை.

அந்த மூத்தவளுக்குத்தான் லீடர் என்று பெயர். யார் வைத்தார்களோ, அவளுக்குப் பொருந்திவிட்டது. மற்ற ஐந்து பேரும் அவள் சொன்னதைக் கேட்பார்கள். இரட்டைப் பையன்கள் இருவர், தொட்டதற்கெல்லாம் ஊளையிடும் சைரன், வாய் ஓயாத வாயாடி, கடைசியாகப் பட்டாணி. பட்டாணிக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. நடை வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. கையில் கிடைத்ததை வாயில் வைத்துப் பார்த்துத்தான் அது என்னவென்று தெரிந்துகொள்கிற வயது. அதனால் அவனுக்குத் தனித் தட்டு, தனிச் சாமான், எல்லாம் அவன் வாயைவிடப் பெரியவை. அவன் அம்மா பேக்கரியில் வேலை செய்கிறவள், காலையில் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுவாள். "இங்க விட்டுட்டுப் போனாதான் எனக்கு நிம்மதிக்கா" என்று அடிக்கடி சொல்வாள். கேட்கிறபோதெல்லாம் அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அன்று விளக்குக் கைவேலை. சைரனின் அப்பா கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்கிறவர். மிஞ்சிப்போன குட்டி விளக்குகள் எட்டைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மெழுகுவத்தி மாதிரி இருக்கும், அடியில் ஒரு சுவிட்ச், தட்டினால் மினுக்மினுக்கென்று எரியும். ஜாம் பாட்டிலைச் சுற்றி மெல்லிய கலர்த்தாளைக் கிழித்து ஒட்டி, உள்ளே விளக்கை வைத்தால் பாட்டிலே ஒளிரும். சாயங்காலம் அம்மா அப்பாக்கள் வரும்போது அறையை இருட்டாக்கி, எட்டையும் எரியவிட்டுக் காட்ட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. முதல்நாளே எட்டையும் எடுத்து, அடி மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்க்கவில்லை. சட்டையை யாரும் கீழே போட்டுச் சோதிப்பதில்லை அல்லவா, அந்தப் பழக்கம்.

காலையில் இஷ்ட விளையாட்டு நன்றாகத்தான் நடந்தது. இரட்டையர் கட்டையால் பாலம் கட்டி இடித்தார்கள். வாயாடி கரடிக்கு ஊசி போட்டாள். பட்டாணி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான். பதினோரு மணிக்குக் கைவேலை மேஜையைப் போட்டாள். கோந்து, தாள், பாட்டில், முட்டை அட்டையில் வரிசையாக எட்டு விளக்கு. பட்டாணியை இடுப்பில் வைத்துக்கொண்டே மேற்பார்வை பார்த்தாள்.

பதினொன்றரைக்கு இரட்டையர் கோந்து டப்பாவுக்குள் கையை விட்டார்கள். ஒருவன் விட்டதும் அடுத்தவன் விட்டான், அப்புறம் ஒருவன் தலையில் ஒருவன் தடவிக்கொண்டார்கள். நாத்தனார் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பட்டாணியைத் தரையில் இறக்கி, அவன் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, இரட்டையரைச் சமையலறைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். மூன்று நிமிஷம். குழாய்ச் சத்தத்தில் சைரன் ஒருமுறை ஊளையிட்டது கேட்டது. சைரன் ஊளையிடாவிட்டால்தான் போய்ப் பார்க்க வேண்டும். அவள் இரட்டையரின் கையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது எல்லாம் அமைதியாக இருந்தது. சைரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான். லீடர் மேஜையருகே முதுகைக் காட்டி நின்றாள். பட்டாணி மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். அக்கா அவனைத் தூக்கி, வாயைத் திறந்து, விரலை விட்டுத் துழாவினாள். எப்போதும் செய்வதுதான். வாயில் ஒன்றுமில்லை.

"எல்லாம் அடுக்குங்க" என்று கையைத் தட்டினாள்.

அன்றுபோல் அவர்கள் ஒருநாளும் அடுக்கியதில்லை. வழக்கமாகக் கால் மணி நேரம் இழுக்கும். அன்று ஏழு நிமிஷம். கத்தரிக்கோல் ஆறு, கோந்து மூன்று, முட்டை அட்டையில் விளக்கு எட்டு. கரடியின் மேல் கரடி, லாரியின் மேல் லாரி. லீடர் ஒவ்வொரு தட்டாக விரலை வைத்துக்கொண்டு வந்து, அலமாரி முன்னால் நின்று, "காலி இடம் இல்ல பெரியம்மா" என்றாள். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அக்கா அதைக் கவனித்தாள், பெருமை என்று எடுத்துக்கொண்டாள். சபாஷ் என்று அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

சாப்பாட்டு வேளையில்தான் முதல் நெருடல். மசித்த உருளைக்கிழங்கைப் பட்டாணி வாயில் வாங்கவில்லை. கிழங்கென்றால் கிண்ணத்தையே தின்கிற பிள்ளை, முகத்தைத் திருப்பினான். பால் கொடுத்தாள். ஒரு வாய் குடித்து, அது அப்படியே ஓரமாக வழிந்தது. சட்டை முன்பக்கம் எச்சிலில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"கடைவாய்ப் பல்லு வருதுடி" என்றாள் நாத்தனார். "எங்க அண்ணனுக்கு வந்தப்போ எங்க வீடே ஏரியாச்சுன்னு எங்கம்மா சொல்லும்."

"பல்லுக்கு இப்படியா வடியும்?"

"வடியாம? நீ ஒண்ணு. எதையாவது முழுங்கியிருப்பானோன்னு பாக்கறியா?"

ஆமாம், அக்கா அதைத்தான் பார்த்தாள். எழுந்து போய் அலமாரியை மறுபடி சரிபார்த்தாள். கட்டைகளைத் தரையில் கொட்டி நாற்பதையும் எண்ணினாள். பசுமாட்டின் இருபத்துநான்கு துண்டையும் எண்ணினாள். முட்டை அட்டையைத் திறந்தாள், எட்டுக் குழி, எட்டு விளக்கு. மேஜைக்கு அடியில் முழங்காலிட்டு, டார்ச் அடித்து, தரையைக் கையால் தடவினாள். பொத்தான் டப்பாவில் எத்தனை பொத்தான் இருந்தது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. ஆனால் டப்பா மூடியிருந்தது, அதன் மூடியைத் திறக்க லீடரைத் தவிர எந்தப் பிள்ளைக்கும் பலம் போதாது. அக்காவுக்கு மூச்சு வந்தது. சாமான் எல்லாம் இருக்கிறது, அப்படியென்றால் பிள்ளை வயிற்றில் எதுவும் இல்லை. கணக்கு அவ்வளவு சுலபம் என்று அவள் நம்பினாள். பாவி, ஏழு வருஷமாக அப்படித்தான் நம்பியிருந்தாள்.

ஒரு மணிக்குப் பட்டாணியின் அம்மாவுக்குப் போன் செய்தாள். "பல்லுதான் போலம்மா. சாப்பாடு வேண்டாங்கறான். நான் எல்லாத்தையும் எண்ணிப் பாத்துட்டேன், எதையும் முழுங்கல."

"நீங்க பாத்தா சரிதாங்கக்கா" என்றாள் அவள். பின்னால் தட்டுகள் உரசுகிற சத்தம் கேட்டது. "சாயங்காலம் சீக்கிரம் வரப் பாக்கறேன்."

பிள்ளைகளைத் தூங்கவைத்தாள். ஆறு பாய், ஆறு தலையணை. ஐந்து பேர் கண்ணை மூடினார்கள். பட்டாணி படுக்க மாட்டேன் என்றான். படுக்கவைத்தால் இருமினான், உட்காரவைத்தால் முன்னால் குனிந்துகொண்டு, கழுத்தை நீட்டியபடி அப்படியே இருந்தான். அழவும் இல்லை. அழுகிற பிள்ளையை ஆயிரம் தடவை பார்த்தவளுக்கு, இந்த அழாத பிள்ளையைப் பார்க்கப் பயமாக இருந்தது. துணியால் அவன் வாயைத் துடைத்தாள். எச்சிலில் தேயிலைத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம் லேசாகத் தெரிந்தது. கொடுத்த பழமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். காலையில் அவனுக்குப் பழம் கொடுக்கவேயில்லை என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

அந்த ஞாபகத்தோடு சும்மா உட்கார முடியவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஒரு கையால் பட்டாணியை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு, மறுகையால் ஜாம் பாட்டில்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்து, விளக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டி உள்ளே இறக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு எரிந்தன. எட்டாவது எரியவில்லை.

மறுபடி தட்டினாள், எரியவில்லை. பேட்டரி தீர்ந்திருக்கும். அடியில் நகத்தைக் கொடுத்தாள். முதல்நாள் அவ்வளவு இறுக்கமாக இருந்த மூடி தொட்டதும் கையோடு வந்தது. குழிக்குள் வட்டமாக ஏதோ இருந்தது. உள்ளங்கையில் தட்டினாள்.

நீலப் பொத்தான். நாலு ஓட்டை. சட்டைப் பொத்தான்.

அந்தக் குழிக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது அது. கம்பெனியில் உடைந்த ஊசியைப் பொருத்தினார்கள், எண்ணவில்லை. துண்டுகள் எத்தனை என்று அங்கே யாரும் கேட்கவில்லை, சேர்த்தால் ஊசி ஆகிறதா என்றுதான் கேட்டார்கள். இந்த வீட்டில் அவள் ஏழு வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தாள். பொத்தான் கையிலிருந்து நழுவிக் கீழே உருண்டது.

லீடரின் பாயருகே மண்டியிட்டாள். அவள் தூங்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள், இமை துடித்தது.

"கண்ணு, எழுந்திரு. அந்த விளக்குல பொத்தான் வெச்சது யாரு?"

லீடர் கண்ணை இன்னும் இறுக்கினாள்.

"சொல்லுடா தங்கம். பெரியம்மா திட்ட மாட்டேன்."

அந்த வாக்கை லீடர் நம்பவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. அக்கா தன்னையும் அறியாமல் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். "சொல்லுடி!"

"சைரன் தட்டிவிட்டான்" என்றாள் லீடர். உதடு கோணியது. "விளக்கு விழுந்துச்சு. மூடி கழண்டுடுச்சு. உள்ள இருந்த வட்டம் ஓடிப்போயிடுச்சு. நான் தேடினேன் பெரியம்மா, நிசமா தேடினேன். கிடைக்கல. நீங்க வந்துட்டீங்க."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா கதவு தொறக்க மாட்டீங்க." அவள் இப்போது அழுதுகொண்டிருந்தாள். "அன்னைக்கு மாதிரி எனக்கு ஒண்ணுக்கு வந்துடும். காலி இடம் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் பொத்தான் வெச்சேன்."

அக்கா அந்தக் கையை விட்டாள். விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. ஒரு கணம் அவளுக்கு யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. பிறகு தெரிந்தது, தெரிந்ததை வைத்துக்கொண்டு செய்வதற்கு அப்போது நேரம் இல்லை. கடிகாரத்தில் இரண்டு பதினைந்து.

ஆம்புலன்சுக்குப் போன் செய்து, பிள்ளை விளக்கின் பேட்டரியை விழுங்கியிருக்கிறான் என்றாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். "எந்த மாதிரி பேட்டரி? எத்தனை மணிக்கு?"

"சின்னது. வட்டமா, காசு மாதிரி. பதினொண்ணரை."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் சட்டென்று வேகமாயிற்று. அந்த வேகத்திலேயே அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"வண்டி கிளம்பிருச்சு. புள்ளைக்கு ஒரு வயசு தாண்டிருச்சா? வீட்ல தேன் இருக்கா? முழுங்க முடிஞ்சா ரெண்டு ஸ்பூன் குடுங்க, வேண்டாம்னா கட்டாயப்படுத்தாதீங்க. வேற எதுவும் குடுக்காதீங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. விளக்கு இன்னொண்ணு இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க, டாக்டர் பேட்டரி சைஸ் பாக்கணும்."

நாத்தனார் தேன் பாட்டிலோடு ஓடி வந்தாள். பட்டாணி முதல் ஸ்பூனில் பாதியை விழுங்கினான். விழுங்கும்போது அவன் முகம் சுருங்கியதை அக்கா பார்த்தாள், இனி சாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற ஏழு விளக்கையும் அவள் திறந்து பார்த்தாள், ஏழிலும் பேட்டரி இருந்தது. அவன் அம்மாவுக்குப் போன் செய்து, ஆஸ்பத்திரி பெயரை மட்டும் சொல்லி, உடனே வா என்றாள்.

வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் ஐந்து தலை. நான்கு அவளைப் பார்த்தன. லீடரின் தலை பட்டாணியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். குட்டி விலா எலும்புகள், நடுவில் மேலே ஒரு வெள்ளை வட்டம், அந்த வட்டத்துக்குள்ளே இன்னொரு வட்டம். "காசா இருந்தா ஒரு வட்டம்தான் தெரியும்" என்றார். "இது பேட்டரி. உணவுக் குழாய்ல மாட்டியிருக்கு. ஈரம் பட்டதும் சுட ஆரம்பிச்சிடும். ரெண்டு மணி நேரத்துலயே பொத்துப்போக வாய்ப்பு உண்டு." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாகப் போகிறது. உடனே பிள்ளையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள்.

பட்டாணியின் அம்மா பேக்கரி ஏப்ரனோடேயே வந்தாள், முழங்கைவரை மாவு. என்ன ஏது என்று கேட்டாள். "விளக்குல இருந்த பேட்டரியை முழுங்கிட்டான், எடுக்கறாங்க" என்றாள் அக்கா. அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடையில் யாரோ தள்ளுவண்டி தள்ளிப் போனார்கள், ஒரு சக்கரம் கீச்சிட்டது. அது போய்த் திரும்பி, மறுபடியும் போயிற்று.

ஐந்து மணிக்கு மூத்த டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியிருந்தார்.

"எடுத்தாச்சு. ஆனா உள்ள நல்லா வெந்திருக்கு. ஓட்டை விழல, அந்த மட்டுக்கும் நல்லது. வாய் வழியா எதுவும் கிடையாது, குழாய் போட்டிருக்கோம். இனி ரெண்டு வாரம்தான் முக்கியம். பக்கத்துலயே பெரிய ரத்தக் குழாய் இருக்கு. புண்ணு அது வரைக்கும் போகாம இருக்கணும். இப்ப பொழைச்சிட்டான், அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்." அவர் அக்காவைப் பார்த்தார். "நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே? பல பேரு சளின்னு நெனச்சு மறுநாள்தான் கொண்டுவருவாங்க."

டாக்டர் போனதும் பட்டாணியின் அம்மா அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கையிலிருந்த காய்ந்த மாவு உதிர்ந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நீங்க எல்லாத்தையும் எண்ணிப் பாக்கற ஆளா இருக்கப்போயிதான்கா. வேற யார் வீடா இருந்தாலும் எம்புள்ளை போயிருப்பான். உங்களுக்கு நான் எப்படி..." அக்காவின் கைமேல் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

அக்கா சும்மா இருந்திருக்கலாம். பொத்தான் வைத்தது தெரிந்தவள் ஐந்து வயதுப் பிள்ளை ஒருத்திதான், அவளும் யாரிடமும் சொல்ல மாட்டாள். சொல்லாமலிருக்க அக்காவே அவளை அவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டிருந்தாள். அந்த நினைப்புதான் அக்காவைச் சுட்டது. இந்தச் சூடு இறங்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்றும் ஒரு மனம் சொல்லியது. அந்த மனத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும், பழம் கொடுத்ததாகச் சொன்னதும் அதேதான்.

"எண்ணுனதாலதாம்மா இப்படி ஆச்சு" என்றாள்.

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள்.

"பேட்டரி போனது அந்தப் பெரிய பாப்பாவுக்குக் காலையிலேயே தெரியும். தேடியிருக்கு, கிடைக்கல. என்கிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு, அந்த இடத்துல ஒரு பொத்தானை வெச்சு மூடிருச்சு. நான் பாத்தேன், எட்டு இருந்துச்சு, சரின்னுட்டேன். அதைத் திட்டிராதீங்க. பயம் காட்டி வெச்சது நான். என்மேல பயம் இல்லாம இருந்திருந்தா அது அப்பவே கத்தியிருக்கும், பன்னெண்டு மணிக்கே இங்க வந்திருப்போம்."

"பன்னெண்டு மணிக்கு" என்றாள் அவள்.

"ஆமாம்மா."

"நீங்க எனக்கு ஒரு மணிக்குப் போன் பண்ணீங்க. பல்லுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"எண்ணிப் பாத்துட்டேன்னு சொன்னீங்க."

அக்கா தலையசைத்தாள். அந்தப் பெண் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் கைகளை மெதுவாக எடுத்துக்கொண்டாள், எடுத்து ஏப்ரனில் துடைத்தாள்.

நர்ஸ் கதவைத் திறந்து, "புள்ளையோட அம்மா மட்டும் வாங்க" என்றாள். அவள் எழுந்து போனாள். கதவருகே நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. ஒரு அவசரமான, கூர்மையான பயம் இருந்தது, அக்காவை முதல்முறையாகப் பார்க்கிறவள் மாதிரி.

"ஒரு வருஷமா அவன் உங்க வீட்லதான் இருக்கான். இந்த மாதிரி வேற ஏதாவது நடந்திருக்காக்கா? எனக்குத் தெரியாம?"

அக்கா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். எத்தனையோ சாயங்காலங்கள் கண்முன் வந்தன. ஒவ்வொன்றிலும் அலமாரி நிறைந்திருந்தது, பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், எல்லாம் இருக்கிறது பெரியம்மா என்றார்கள்.

"தெரியலம்மா" என்றாள்.